பீட்டர் எட்வெஷை உருவாக்கிய அறைகளை மூடாதீர்கள்: ஜேர்மன் வானொலி இசைப் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

ஜேர்மனியின் பொது ஒலிபரப்பு நிறுவனங்களில் இசைப் பிரிவுகளை நடத்தும் இயக்குநர்களுக்கு,

உங்களில் ஒரு நிறுவனம் அடுத்த பருவத்திலிருந்து, இன்றைய இசையமைப்பாளர்கள் எழுதும் புதிய இசைக்கான தன் தொடர் கச்சேரிகளை நிறுத்துகிறது. ஆர்கெஸ்ட்ராவில் ஓய்வுபெற்றவர்களின் இடங்களுக்கு ஆள் எடுக்கப் போவதில்லை. இளம் இசையமைப்பாளர்கள் தாங்கள் எழுதியதை முழு ஆர்கெஸ்ட்ரா வாசிக்கக் கேட்டுத் திருத்திக்கொள்ள ஆண்டுதோறும் நடந்துவந்த பட்டறையும் இனி இல்லை. இத்தனையும் எங்களுக்கு ஒரு சுருக்கமான மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. வாசிப்பவர்களையோ எழுதுபவர்களையோ அதற்கு முன்பு யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. முடிவெடுத்தவர்களுக்கு அது தெரியும். இதே முடிவு மற்றவர்களின் மேசையிலும் கோப்பாகக் கிடக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும்.

2024 மார்ச் 24 அன்று புடாபெஸ்டில் பீட்டர் எட்வெஷ் காலமானபோது அதே நிறுவனம் உருக்கமான அஞ்சலி வெளியிட்டது. ஹங்கேரியின் பெரிய இசையமைப்பாளர், அபூர்வமான இசை நடத்துநர், வானொலியின் நெடுநாள் நண்பர் என்றெல்லாம் அதில் இருந்தது. எல்லாமே உண்மை. அந்த மனிதரின் வாழ்க்கை எதன்மேல் கட்டப்பட்டதோ அதைத்தான் இப்போது ஒவ்வொரு கல்லாகக் கழற்றுகிறீர்கள். இதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

நான் தாளவாத்தியக் கலைஞர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெற்றோருக்குக் கொலோனில் வளர்ந்த பிள்ளை. மிருதங்கத்தில் தொடங்கி, பிறகு இங்கே இசைக் கல்லூரியில் மேற்கத்திய தாளவாத்தியங்களைப் படித்தேன். நிரந்தர வேலை இல்லை. வானொலி ஆர்கெஸ்ட்ராக்களில் ஆள் குறையும்போது கூப்பிடுவார்கள், போய் வாசிப்பேன். புதிய இசைக்குத் தாளக்கருவிகள் நிறைய வேண்டும் என்பதால் அந்தக் கச்சேரிகளில்தான் எனக்கு அதிகம் வேலை. ஆகவே என் பிழைப்பும் இதில் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் இந்த மடல் அதற்காக மட்டும் எழுதப்பட்டதல்ல.

இதன் ஜேர்மன் வடிவத்தை உங்கள் முகவரிக்கே அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் எழுதக் காரணம் இருக்கிறது. இந்த நாட்டில் ஒவ்வொரு வீடும் மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் கட்டுகிறது. அதில் ஆயிரக்கணக்கான தமிழ் வீடுகளும் உண்டு. அந்தப் பணத்தில் எது நடக்கிறது, எது நிற்கிறது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கும் உரிமை இருக்கிறது. இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த தலைமுறை எங்கள் பெற்றோருடையது. ஒரு வானொலி நிலையம் ஒரு சமூகத்தின் காதை எப்படிப் பழக்கும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இனி எட்வெஷைப் பற்றி. உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீங்கள் எழுதிய அஞ்சலியில் விருதுகளும் பதவிகளும் மட்டுமே இருந்தன. யார் எந்த நேரத்தில் அவருக்கு எந்தக் கதவைத் திறந்துவிட்டார்கள் என்பது இல்லை. நான் அதைச் சொல்கிறேன்.

1944 ஜனவரி 2 அன்று டிரான்சில்வேனியாவில் சேகெய்உத்வர்ஹெய் என்ற ஊரில் பிறந்தார். அப்போது அது ஹங்கேரியின் கையில் இருந்தது, இன்று ருமேனியாவில் இருக்கிறது. அம்மா பியானோ வாசிப்பவர். பதினான்கு வயதில் புடாபெஸ்ட் இசைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அந்த வயதில் கல்லூரியில் யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். பையனின் திறமையைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளச் செய்தவர் சோல்தான் கோடாய். இசையமைப்பாளர் பார்த்தோக்கோடு சேர்ந்து கிராமம் கிராமமாகப் போய் நாட்டுப்பாடல்களைச் சேகரித்தவர், ஹங்கேரியின் இசைக் கல்விக்கே அடித்தளம் போட்டவர். அப்படிப்பட்ட ஒருவர் ஒரு சிறுவனுக்காக விதியைத் தளர்த்தினார். 1961இல் ககாரின் விண்வெளிக்குப் போய்வந்ததும் அந்தச் சிறுவன் பியானோவுக்கு 'காஸ்மோஸ்' எழுதினான். அப்போது வயது 17. படித்துக்கொண்டிருக்கும்போதே நாடகங்களுக்கும் திரைப்படங்களுக்கும் இசை எழுதினார். பின்னாளில் அவருடைய ஓபராக்களில் எந்த நொடியில் மேடையை அமைதியாக விட வேண்டும், எங்கே இசை உள்ளே வர வேண்டும் என்ற கணக்கு இவ்வளவு துல்லியமாக இருப்பதற்கு அந்த வேலைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

1966இல் ஜேர்மன் உதவித்தொகையில் கொலோனுக்கு வந்தார். ஏன் கொலோன்? அங்கே ஒரு வானொலி நிலையம் இருந்தது. அந்த நிலையம் 1950களின் தொடக்கத்தில் மின்னணு இசைக்கென்று ஒரு ஸ்டூடியோ தொடங்கியிருந்தது. அங்கே உருவானவை அலைவரிசையில் எல்லை தாண்டிப் போயின. 1956 நவம்பரில் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் வந்திருந்த நாட்களில் ஊரே நிலவறைகளில் ஒளிந்திருந்தது. ஹங்கேரிய இசையமைப்பாளர் ஜெர்ஜ் லிகெத்தி மட்டும் மேலே வந்து, ஜேர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனின் மின்னணு இசையைக் கொலோன் வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த மாதமே நாட்டை விட்டுத் தப்பினார். 1957 தொடக்கத்தில் கொலோனில் இருந்தார். அந்த ஸ்டூடியோவிலேயே வேலையும் செய்தார். இருபதாம் நூற்றாண்டின் ஹங்கேரிய இசையில் பாதி, ஒரு ஜேர்மன் வானொலியின் இரவு ஒலிபரப்பின் வழியாகப் போய்த்தான் உலகத்துக்கு வந்தது என்றால் மிகையில்லை. இன்று புதிய இசைக்கு நீங்கள் மிச்சம் வைத்திருக்கும் நேரம் எது என்று ஒரு முறை உங்கள் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள்.

எட்வெஷுக்கு அந்த ஸ்டூடியோ கிடைத்தது. 1968 முதல் 1976 வரை ஸ்டாக்ஹவுசனின் குழுவில் வாசித்தார். 1970இல் ஒசாகா உலகக் கண்காட்சியில் ஜேர்மன் அரங்கின் கோள வடிவக் கூடத்தில் மாதக்கணக்கில் தினமும் ஒலித்த அந்தக் கச்சேரிகளில் அவரும் இருந்தார். 1971 முதல் 1979 வரை வானொலியின் மின்னணு ஸ்டூடியோவில் பணி. எட்டு ஆண்டுகள்! அந்த எட்டு ஆண்டுகளில் அவர் உலகப் புகழ்பெற்ற எதையும் எழுதிவிடவில்லை. காதைப் பழக்கிக்கொண்டார். ஒலி எதனால் ஆனது, எப்படிக் கலக்கிறது, எப்படிப் பிரிகிறது என்று ஒலிநாடாவை வெட்டி ஒட்டிக் கற்றுக்கொண்டார். இன்றைய உங்கள் மதிப்பீட்டுப் படிவங்களில் அந்த எட்டு ஆண்டுகளுக்கு எத்தனை மதிப்பெண் கிடைக்கும்? கேட்டவர்கள் எண்ணிக்கை குறைவு, பார்வைகள் இல்லை. முதல் ஆண்டிலேயே அனுப்பியிருப்பீர்கள்.

1978இல் பாரிசில் பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் பூலெஸ் தன் இசை ஆய்வு மையத்தின் தொடக்கக் கச்சேரியை நடத்த அவரை அழைத்தார். அடுத்த ஆண்டே பூலெஸின் 31 தனிக் கலைஞர்கள் கொண்ட ஆன்சாம்பிள் ஆந்தர்கோந்தெம்போரைன் குழுவின் இசை இயக்குநர் ஆனார். 1991 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். வேலை என்ன? மற்றவர்கள் எழுதியதை உலகத்துக்கு முதன்முதலாகக் கேட்கத் தருவது. ஜோனதன் ஹார்வியின் 'பக்தி' என்றொரு படைப்பு இருக்கிறது. ரிக் வேத வரிகளை அடியில் எழுதிவைத்த, கருவிகளும் ஒலிநாடாவும் சேர்ந்த இசை. 1982இல் அது முதன்முறை ஒலித்தபோது நடத்தியவர் எட்வெஷ். மிலானின் லா ஸ்காலா ஓபரா அரங்கில் ஸ்டாக்ஹவுசனின் 'வியாழன்' ஓபராவை 1981இலும் 'திங்கள்' ஓபராவை 1988இலும் முதன்முறை நடத்தியவர் அவர். பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் முதன்மை விருந்தினர் நடத்துநராக 1985 முதல் 1988 வரை இருந்தார். ஹாரிசன் பர்ட்விசிலின் 'பூமி நடனங்கள்' 1986இல் லண்டனில் முதல்முறை வெளிவந்தது அந்தக் காலத்தில்தான். லிகெத்தியின் வயலின் கச்சேரிப் படைப்பு ஐந்து பகுதிகளாக முழு வடிவில் முதலில் ஒலித்தது 1992இல் இதே கொலோனில். அதையும் எட்வெஷ்தான் நடத்தினார்.

அப்புறம் ஹில்வர்சம். நெதர்லாந்து வானொலியின் சேம்பர் ஆர்கெஸ்ட்ராவை 1994 முதல் 2005 வரை நடத்தினார். ஸ்டூட்கார்ட் வானொலி ஆர்கெஸ்ட்ராவிலும் முதன்மை விருந்தினர் நடத்துநராக இருந்தார். இந்தப் பட்டியலில் வரும் இடங்களைக் கொஞ்சம் கவனியுங்கள். கொலோன் வானொலி, லண்டன் வானொலி, ஹில்வர்சம் வானொலி, ஸ்டூட்கார்ட் வானொலி. பாரிஸ் மட்டும் வானொலி இல்லை, அதுவும் அரசுப் பணம். டிக்கெட் விற்ற காசில் எட்வெஷ் உருவாகவில்லை. கட்டணம் கட்டிய கோடிக்கணக்கான வீடுகள் சேர்ந்து உருவாக்கியவர் அவர். அவர்களில் பெரும்பாலானோர் அவர் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். பொது ஒலிபரப்பு செய்யக்கூடிய அருமையான காரியம் அதுதான்.

இசையமைப்பாளராக அவர் உலகத்துக்கு முழுதாகத் தெரிய வந்தது 54 வயதில். 1998 மார்ச்சில் லியோன் ஓபராவில் செக்கோவின் நாடகத்தை வைத்து எழுதிய 'மூன்று சகோதரிகள்' அரங்கேறியது. ரஷ்ய மொழியில். சகோதரிகளின் பாத்திரங்களை உச்சக் குரலில் பாடும் ஆண்கள் பாடினார்கள். இரண்டு ஆர்கெஸ்ட்ராக்கள். மேடைக்கு முன்னே குழியில் 18 பேர், மேடைக்குப் பின்னால் 50 பேர். முன்னே இருப்பவர்களின் ஒவ்வொரு கருவியும் ஒரு பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டு நடக்கும், பின்னால் இருப்பவர்கள் அந்தப் பாத்திரங்களைச் சூழ்ந்த உலகமாக இருப்பார்கள். முன்னே கென்ட் நகானோ நடத்த, பின்னால் எட்வெஷே நின்று நடத்தினார். இதை எழுத ஒருவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஒலி எங்கிருந்து வருகிறது என்பதே நாடகத்தின் பாதி என்று ஸ்டூடியோவில் கற்றிருக்க வேண்டும். தனித்தனிக் கலைஞர்களை எப்படி நம்புவது என்று பாரிசில் பழகியிருக்க வேண்டும். இரண்டு நடத்துநர்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியாத தூரத்தில் எப்படி ஒன்றாக மூச்சு விடுவது என்று புதுப் படைப்புகளை முதன்முறை வாசிக்கும் நூறு கச்சேரிகளில் பட்டுத் தெரிந்திருக்க வேண்டும். முப்பது ஆண்டுகள் பொது நிறுவனங்கள் அவருக்குக் கொடுத்த நேரம் அத்தனையும் அந்த ஒரு மாலையில் வெளியே வந்தது. நான் அந்த ஒலிப்பதிவை முதன்முதலில் கேட்டது மாணவராக இருந்தபோது, இரவில், வானொலியில். நாலைந்து நாள் வேறு எதையும் கேட்க மனம் வரவில்லை.

அதன்பின் ஓபராக்கள் நிற்கவில்லை. பிரெஞ்சில், ஆங்கிலத்தில், ஜேர்மனில், இத்தாலியனில் எழுதினார். தாய்மொழியான ஹங்கேரியனில் முதல் ஓபரா 'வலுஷ்கா'. 2023 டிசம்பரில், அவருடைய 79 வயதில், புடாபெஸ்டில் அரங்கேறியது. லாஸ்லோ கிராஸ்னஹோர்காயின் நாவலை அடிப்படையாகக் கொண்டது. கிராஸ்னஹோர்காய்க்கு 2025இல் நோபல் கிடைத்தபோது உங்கள் இலக்கியப் பிரிவுகள் மணிக்கணக்காகப் பேசின. எட்வெஷ் அந்த எழுத்தை ஏற்கெனவே ஓபராவாக்கிவிட்டுப் போயிருக்கிறார் என்பதை எத்தனை நிகழ்ச்சிகள் சொல்லின? நான் கேட்டவற்றில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. இலக்கியமும் இசையும் ஒரே கட்டடத்தில் இருக்கும் நிறுவனங்கள் நீங்கள்.

இனி நான் நேரில் கண்டது.

எட்வெஷின் 'பேசும் மேளங்கள்' தனித் தாளக் கலைஞருக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் எழுதியது. ஷாந்தோர் வெரெஷ் என்ற ஹங்கேரியக் கவிஞரின் வரிகளும் ஜயதேவரின் வரிகளும் அதில் வருகின்றன. ஆமாம், நம் பஜனை மடங்களில் அஷ்டபதி பாடுகிறோமே, அந்த ஜயதேவர்தான். கலைஞர் சொல்லை வாயால் எறிவார், மேளம் அதைப் பிடித்துத் திரும்பச் சொல்லும், பிறகு ஆர்கெஸ்ட்ரா சேர்ந்துகொள்ளும். வாயால் சொல்லிவிட்டுக் கையால் வாசிப்பது எனக்குச் சின்ன வயதில் மிருதங்க வகுப்பில் சொல்லித்தந்த முதல் பாடம். இங்கே கல்லூரியில் சேர்ந்தபோது அந்தப் பாடத்தை வெளியே வைத்துவிட்டு வரவேண்டும் என்று நினைத்திருந்த எனக்கு, ஐரோப்பிய ஆர்கெஸ்ட்ராவின் நடுவில் அதைப் பார்த்தது எப்படி இருந்திருக்கும்! இதை வேடிக்கைக்காக அலங்காரமாக அவர் வைக்கவில்லை. பேச்சும் தாளமும் ஒரே இடத்தில் பிறக்கின்றன என்று அந்த இசை முழுதாக நம்புகிறது.

இந்தப் படைப்பு உங்களில் ஒரு நிறுவனத்தின் பருவத் திட்டத்தில் இருந்தது. பின்வரிசைத் தாளக் குழுவில் வாசிக்க என்னை அழைத்திருந்தார்கள். நோட்டை மாதக்கணக்கில் படித்தேன். பிறகு ஒத்திகை நேரத்தைக் குறைத்தார்கள். குறைத்த நேரத்தில் இந்த இசையை ஒழுங்காகத் தயாரிக்க முடியாது என்று ஆர்கெஸ்ட்ராவே சொன்னது, நியாயமாகச் சொன்னது. அதற்குக் கிடைத்த பதில் கூடுதல் நேரமல்ல. அந்தப் படைப்பையே எடுத்துவிட்டு, எல்லோருக்கும் மனப்பாடமான பத்தொன்பதாம் நூற்றாண்டு சிம்பொனி ஒன்றைப் போட்டார்கள். அந்த சிம்பொனியை நான் நேசிக்கிறேன். ஆனால் அதை அந்த நகரத்தில் வேறு ஆர்கெஸ்ட்ராக்களும் வாசிக்கின்றன. 'பேசும் மேளங்கள்' வேறு யாரும் வாசிக்கப் போவதில்லை. கச்சேரிக்கு வரவிருந்த பிள்ளைகள் சிலரை எனக்குத் தெரியும். எங்கள் சனங்களின் வார இறுதிப் பள்ளியில் மிருதங்கம் படிப்பவர்கள். தங்களுக்குத் தெரிந்த ஒன்றை அந்தப் பெரிய மேடையில் பார்க்கப் போகிறோம் என்று காத்திருந்தார்கள். வானொலியை இளைஞர்கள் கேட்பதில்லை, குடிபெயர்ந்த குடும்பங்கள் கச்சேரிக்கு வருவதில்லை என்று உங்கள் கூட்டங்களில் அடிக்கடி வருத்தப்படுகிறீர்கள். வர இருந்தவர்களுக்கு நடந்தது இது.

பணம் இல்லை என்று சொல்வீர்கள். உங்கள் சிரமம் எனக்கு விளங்குகிறது. கட்டணத்தை மாதம் 58 சென்ட் உயர்த்தி 18.94 யூரோ ஆக்கச் சொன்னது அதற்கென்று இருக்கும் சுயாதீன ஆணையம். மாநிலங்கள் ஒத்துக்கொள்ளவில்லை, வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. இதில் நாங்கள் உங்கள் பக்கம்தான். ஆனால் பணம் குறைவதற்கு முன்பே, உங்கள் நிறுவனங்களின் மேல்மட்டத்தில் இருந்தே ஆர்கெஸ்ட்ராக்களைச் சுமையாகப் பார்க்கும் பேச்சு தொடங்கிவிட்டது. 2022 நவம்பரில் ஹாம்பர்க்கில் ஓர் ஒலிபரப்பு நிறுவனத் தலைவர் பேசிய உரையை மறக்கவில்லை. ஜேர்மன் வானொலிகளிடம் 16 இசைக்குழுக்கள் இருக்கின்றன, இத்தனையும் வேண்டுமா என்று அவர் பொதுவெளியில் கேட்டார். அந்தப் பதினாறில் ஒன்றில் வாசித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு மறுநாள் காலை ஒத்திகைக்குப் போவது எப்படி இருக்கும் என்று அவர் யோசித்தாரா தெரியவில்லை.

இரண்டு ஆர்கெஸ்ட்ராக்களை ஒன்றாக்கிச் செலவைக் குறைக்கும் 'இணைப்பு' என்ற வார்த்தையில் எங்களுக்கு நல்ல அனுபவம் இல்லை. எட்வெஷ் நடத்திய நெதர்லாந்து வானொலியின் சேம்பர் ஆர்கெஸ்ட்ராவை 2005இல் இன்னொன்றோடு இணைத்தார்கள். இணைத்து உருவானதை 2013இல் கலைத்தார்கள். எட்டே ஆண்டுகள். ஜேர்மனியின் தென்மேற்கு வானொலி தன் இரண்டு ஆர்கெஸ்ட்ராக்களை இணைக்க 2012இல் முடிவெடுத்து 2016இல் இணைத்தது. உலகமெங்கும் இருந்து இசைக் கலைஞர்கள் எழுதிய மறுப்புக் கடிதங்கள் எதையும் மாற்றவில்லை. அப்படிக் காணாமல் போன ஆர்கெஸ்ட்ராக்களில் ஒன்றுதான் 1961இல் தொனாவெஷிங்கன் புதிய இசை விழாவில் லிகெத்தியின் 'அட்மாஸ்பியர்ஸ்' படைப்பை உலகுக்குத் தந்தது. கொலோனின் மின்னணு ஸ்டூடியோவின் கருவிகள் வேலை செய்யும் நிலையிலேயே ஒரு நிலவறைக்குப் போயின.

மாறாக, நின்று போராடினால் முடிவுகள் மாறும் என்றும் பார்த்திருக்கிறோம். 2023 மார்ச்சில் பிபிசி தன் பாடகர் குழுவை மூடப்போவதாகவும் இங்கிலாந்து ஆர்கெஸ்ட்ராக்களில் ஐந்தில் ஒரு பங்கு வேலையைக் குறைக்கப்போவதாகவும் அறிவித்தது. எதிர்ப்பு எழுந்து சில வாரங்களிலேயே பாடகர் குழுவை மூடும் முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டு வியன்னாவில் ஆஸ்திரிய வானொலியின் ஒரே ஆர்கெஸ்ட்ராவும் விளிம்புக்குப் போய்த் திரும்பியது. அறிவித்துவிட்டோம், இனி மாற்ற முடியாது என்று எங்களிடம் சொல்லாதீர்கள்.

பட்டறையை நிறுத்தியதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வலிக்கிறது. ஆர்கெஸ்ட்ராவைச் சுருக்குவது இன்றைக்கு இருப்பதைக் குறைப்பது. பட்டறையை மூடுவது இன்னும் பிறக்காததைக் குறைப்பது. எட்வெஷுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 1991இல் இளம் நடத்துநர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ஒரு நிறுவனம் தொடங்கினார். கார்ல்ஸ்ரூவிலும் கொலோனிலும் கல்லூரிகளில் பேராசிரியராக இருந்தார். 2004இல் புடாபெஸ்டில் சமகால இசைக்கென்று ஓர் அறக்கட்டளை அமைத்தார். எழுதுபவரும் நடத்துபவரும் ஒரே அறையில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் வழி. எழுதுபவர் ஒரு வரி எழுதுவார், நடத்துபவர் அதை உண்மையான மனிதர்களோடு முயன்று பார்ப்பார், எங்கே இடிக்கிறது என்று இருவரும் சேர்ந்து கண்டுபிடிப்பார்கள். கணினியில் ஆர்கெஸ்ட்ரா ஒலியை உருவாக்கிக் கேட்டால் போதாதா என்று ஒரு நிர்வாகி என்னிடம் கேட்டார். போதாது. கணினிக்கு மூச்சு முட்டாது. குழலூதுபவருக்கு மூச்சு முட்டும். நான்கு மேளங்களுக்கு நடுவில் ஓடும் தாளக் கலைஞருக்கு ஒரு குச்சியை வைத்துவிட்டு இன்னொன்றை எடுக்க நேரம் வேண்டும். அந்த அரை நொடியை இசைக்குள் எழுதத் தெரிந்தவர்தான் இசையமைப்பாளர். அதைக் கற்றுக்கொள்ள உயிரோடிருக்கும் ஆர்கெஸ்ட்ராவைத் தவிர வேறு பள்ளிக்கூடம் கிடையாது. அந்தப் பட்டறையில் தங்கள் இசையை முதன்முதலாக முழுதாகக் கேட்ட இருபது வயதுப் பிள்ளைகளின் முகங்களை நான் பின்வரிசையிலிருந்து பார்த்திருக்கிறேன். சிலர் அழுதார்கள். பெரும்பாலானோர் உடனே பென்சிலை எடுத்துத் திருத்தத் தொடங்கினார்கள்.

விண்கலம் கொலம்பியா விபத்தில் இறந்த ஏழு விண்வெளி வீரர்களுக்காக எட்வெஷ் 'ஏழு' என்ற வயலின் படைப்பை எழுதினார். அந்த ஏழு பேரில் கல்பனா சாவ்லாவும் ஒருவர். தனி வயலினோடு இன்னும் ஆறு வயலின்கள் அரங்கத்தைச் சுற்றி வெவ்வேறு இடங்களில் நின்று வாசிக்கும். 49 பேர் ஏழு குழுக்களாகப் பிரிந்திருப்பார்கள். காலி இடங்களை நிரப்பாத ஆர்கெஸ்ட்ரா இதை வாசிக்க வேண்டுமானால் வெளியிலிருந்து ஆட்களை வாடகைக்கு எடுக்க வேண்டும். அதற்கும் பணம் இல்லை என்பீர்கள். அப்போது இந்தப் படைப்பு தாளில் மட்டும் இருக்கும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. என்னோடு இந்த மடலின் ஜேர்மன் வடிவத்தில் கையெழுத்திட்ட சக கலைஞர்களும் இதையே கேட்கிறார்கள்.

முதலில், நிறுத்திய பட்டறையை அடுத்த பருவத்திலேயே திரும்பத் தொடங்குங்கள். நாட்களைக் குறைத்தாலும் பரவாயில்லை, ஆர்கெஸ்ட்ராவின் அளவைக் குறைக்காதீர்கள். இசையமைப்பாளர்களோடு இளம் நடத்துநர்களையும் அதே அறைக்குள் விடுங்கள்.

ஓய்வுபெற்றவர்களின் இடங்களுக்கு விளம்பரம் வெளியிடுங்கள். எல்லா இடங்களையும் ஒரே ஆண்டில் நிரப்பச் சொல்லவில்லை. எந்த இடம் எந்த ஆண்டில் நிரம்பும் என்று தேதியோடு எழுத்தில் சொல்லுங்கள். ஆர்கெஸ்ட்ராவை இணைப்பது, சுருக்குவது, தொடர்களை நிறுத்துவது பற்றிய எந்தத் திட்டத்தையும் முடிவெடுக்கும் முன்பே வெளியிட்டு, ஆர்கெஸ்ட்ராவின் பிரதிநிதிகளையும் கட்டணம் கட்டுபவர்களையும் பொது அமர்வில் கேளுங்கள். முடிவு மின்னஞ்சலில் வரும் வழக்கம் நிற்க வேண்டும்.

புதிய படைப்புகளுக்கு ஒத்திகை நேரத்தைத் தனியாக ஒதுக்குங்கள். வேறு கச்சேரிக்காக அதை எடுக்க முடியாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். நீங்களே கேட்டு வாங்கிய படைப்புகளுக்கு முதல் கச்சேரியோடு கதை முடிந்துவிடாமல், இரண்டாவது முறையும் வாசிக்க உறுதி கொடுங்கள். 1995இல் கொலோன் வானொலி ஆர்கெஸ்ட்ராவோடு முதன்முறை ஒலித்த எட்வெஷின் 'அட்லாண்டிஸ்' அந்த நகரத்தில் திரும்பக் கேட்கப்பட வேண்டும். எடுத்துவிட்ட 'பேசும் மேளங்கள்' திட்டத்தில் மறுபடி இடம்பெற வேண்டும். அந்தக் கச்சேரிக்கு வார இறுதிப் பள்ளிகளின் பிள்ளைகளை ஒத்திகையிலிருந்தே அழையுங்கள். பிள்ளைகளைக் கூட்டிவருவதை நானும் என் நண்பர்களும் பார்த்துக்கொள்கிறோம்.

எட்வெஷ் நடத்திய கச்சேரிகளின் ஒலிநாடாக்கள் உங்கள் காப்பகங்களில் இருக்கின்றன. பொதுப் பணத்தில் பதிவானவை. உரிமைப் பேச்சுகளை முடித்து, அவற்றை இணையத்தில் யாரும் எந்த நேரத்திலும் கேட்கும்படி திறந்துவிடுங்கள். வாரத்தில் ஒரு மாலையாவது, ஊர் தூங்கப் போகும் முன், புதிய இசைக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள்.

இந்தக் கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுப்பதற்கு என்ன காரணம் என்று ஒவ்வொன்றாக எழுதி, அடுத்த பருவத்தின் நிகழ்ச்சித் திட்டத்தை வெளியிடும் முன்பு பதில் தாருங்கள். பதிலைத் தனி மடலாக எங்களுக்கு அனுப்ப வேண்டாம், உங்கள் தளத்தில் எல்லோரும் படிக்கும்படி போடுங்கள். நேரில் பேச அழைத்தால் எந்த நாளிலும் வருகிறோம்.

கொலோனிலிருந்து,
உங்கள் ஆர்கெஸ்ட்ராக்களில் பின்வரிசையில் நின்று வாசிக்கும் ஒரு தாளவாத்தியக் கலைஞர்